பி0087 வந்தால் உடனே பம்ப் மாற்ற வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக இது: டாக்சியாக ஓடும் 1.3 லிட்டர் காமன் ரயில் டீசல் கார். டேங்குக்குள் எலக்ட்ரிக் பம்ப் இருக்கும் மாடல். ஐடிலில் குறை இல்லை, டவுனுக்குள் ஓட்டும்போதும் குறை இல்லை. ஆள் ஏற்றிக்கொண்டு மேடு ஏறினாலோ, ஹைவேயில் மிதித்து ஓவர்டேக் எடுத்தாலோ செக் என்ஜின் லைட் எரிந்து புல்லிங் போய்விடுகிறது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் மறுபடி ஓடுகிறது. சூடான என்ஜினிலும் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. ஸ்கேனரில் வரும் கோளாறு கோட் பி0087. டீசல் ஃபில்டரும் ரயில் பிரஷர் சென்சாரும் மாற்றியாயிற்று. இப்போது ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். பம்ப் கெட்டிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் பம்பைக் குற்றவாளியாக்கும் ஆதாரம் எதுவும் இல்லை. சொல்லப்போனால், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி வேறு பக்கம் கை காட்டுகிறது. அதற்கு வருகிறேன்.

பி0087 சொல்வது இவ்வளவுதான்: ஈசிஎம் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கேட்ட பிரஷர் ரயிலில், அதாவது அழுத்திய டீசல் எல்லா சிலிண்டர்களுக்கும் பொதுவாக நிற்கும் குழாயில், கிடைக்கவில்லை. எதனால் கிடைக்கவில்லை என்பது அந்தக் கோடுக்கே தெரியாது. சென்சாரின் வயரிங் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ வருவது பி0192, பி0193. பம்பில் இருக்கும் மீட்டரிங் வால்வின் கரண்ட் பாதையில் பிரச்சினை என்றால் பி0001-இல் தொடங்கும் வரிசை. கேட்டதைவிட அதிகப் பிரஷர் என்றால் பி0088. சர்க்யூட் கோட் ஒன்றும் இல்லாமல் 0087 மட்டும் வருகிறது என்றால், கரண்ட் பக்கத்தைவிட டீசல் ஓடும் பக்கத்தை முதலில் பார்ப்பதுதான் முறை.

டீசல் ஓடும் வழியை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். டேங்குக்குள் இருக்கும் ஃபீட் பம்ப் டீசலைத் தள்ளுகிறது. ஃபில்டர் வழியாக அது ஹை பிரஷர் பம்புக்கு வருகிறது. பம்பின் வாயில் மீட்டரிங் வால்வ் நின்றுகொண்டு, எவ்வளவு டீசல் உள்ளே போகலாம் என்று அளந்து விடுகிறது. பம்ப் அதை அழுத்தி ரயிலுக்கு அனுப்புகிறது, ரயிலிலிருந்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களுக்குப் போகிறது. இன்ஜெக்டர் திறந்து மூடும்போது கொஞ்சம் டீசல் ரிட்டர்னில் போவது இயல்பு. சில வண்டிகளில் ரயிலின் முனையிலேயே இன்னொரு கன்ட்ரோல் வால்வும் இருக்கும். கூடுதல் பிரஷரை அது ரிட்டர்னில் கழித்துவிடும். ரயில் சென்சார் நடப்பதைப் பார்த்து ஈசிஎம்முக்குச் சொல்கிறது, ஈசிஎம் அதற்கேற்ப வால்வை ஆட்டுகிறது.

ஆக, கேட்ட பிரஷர் கிடைக்காமல் போக மூன்றே வகைக் காரணங்கள்தான். பம்புக்குப் போதுமான டீசல் வரவில்லை. வந்த டீசலைப் பம்பால் அழுத்த முடியவில்லை. அழுத்தியது எங்கோ கசிந்து போகிறது. இவற்றோடு, உண்மையில் பிரஷர் சரியாக இருந்தும் சென்சார் பொய் சொல்வது என்று நாலாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பார்ட் வாங்கும் முன் உங்கள் வண்டி இதில் எது என்று பிரிக்க வேண்டும்.

பிரிப்பதற்கு என் அனுபவத்தில் மிகவும் கை கொடுப்பது, பிரஷர் எப்போது விழுகிறது என்ற கேள்வி. பஞ்சரான சைக்கிள் டியூபுக்குக் காற்று அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக அடித்தால் அடித்த காற்றெல்லாம் ஓட்டை வழியே போய்விடும், டியூப் நிரம்பாது. வேகமாக அடித்தால் ஓட்டையையும் மீறி நிரம்பும். ரயிலும் அப்படித்தான். இன்ஜெக்டரோ வால்வோ உள்ளுக்குள் கசிந்தால், பம்ப் மெதுவாகச் சுற்றும் நேரத்தில், அதாவது செல்ஃப் அடிக்கும்போது, முதலில் காட்டிக்கொடுக்கும். என்ஜின் சூடானால் டீசலும் நீர்த்துப்போய் கசிவு கூடும். அதனால்தான் காலையில் ஸ்டார்ட் ஆகும் வண்டி, டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்து செல்ஃப் அடித்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். வரத்து குறைவு என்றால் கதை நேர் எதிர். செல்ஃப் அடிக்கவும் ஐடிலில் ஓடவும் மிகக் கொஞ்சம் டீசல் போதும். பாதி அடைத்த பைப் வழியாகவும் அது வந்துவிடும். மேட்டில் மிதிக்கும்போதுதான் பம்ப் நிறையக் கேட்கும், அப்போதுதான் பற்றாக்குறை தெரியும்.

சூடான என்ஜினிலும் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் நான் சொன்ன வரி. பெரிய கசிவோ நன்றாகத் தேய்ந்த பம்போ இருந்தால் பெரும்பாலும் அப்படி ஸ்டார்ட் ஆகாது. உங்கள் வண்டியில் வரத்துப் பக்கத்தின்மேல்தான் எனக்குச் சந்தேகம். மீட்டரிங் வால்வ் முழுதாகத் திறக்காமல் பாதியில் சிக்கிக்கொண்டாலும் இதே அறிகுறிதான் வரும், அதையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஸ்கேனர். கோட் மட்டும் படித்து அழித்துவிட்டு ஸ்கேனரை மூடி வைப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. லைவ் டேட்டாவில் நான்கு வரிகளை எடுத்து ரெக்கார்டில் போடுங்கள்: என்ஜின் ஆர்பிஎம், கேட்ட ரயில் பிரஷர், கிடைத்த ரயில் பிரஷர், மீட்டரிங் வால்வின் கரண்ட் அல்லது டியூட்டி (எத்தனை சதவீத நேரம் கரண்ட் போகிறது என்பது). ஓட்டுபவர் ஒருவர், ஸ்கேனர் பார்ப்பவர் இன்னொருவர். பிரச்சினை வரும் அதே லோடில், அதே மேட்டில் ஓட்ட வேண்டும். ஷெட்டில் நிறுத்தி ரேஸ் பண்ணிப் பார்த்தால் இது தெரியாது, ஏனென்றால் லோடு இல்லாமல் என்ஜின் அவ்வளவு டீசல் குடிப்பதில்லை.

ஐடிலில் கேட்டதும் கிடைத்ததும் 250 முதல் 350 பார் (பிரஷரை அளக்கும் அலகு) வாக்கில் ஒட்டி ஓடும். ஒன்றிரண்டு பத்து பார் முன்பின் ஆடினால் பரவாயில்லை. மேட்டில் மிதிக்கும்போது கேட்டது 1,300 என்று ஏறி, கிடைத்தது 900-த்தில் நின்றுவிட்டால், அந்த நொடியில் வால்வ் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஈசிஎம் வால்வை முழுக்கத் திறந்துவிட்டு “இன்னும் கொடு” என்று கேட்டுக்கொண்டிருந்தால், அதன் பக்கம் குறை இல்லை. பிரச்சினை டீசல் வழியில். வால்வைத் திறக்க இன்னும் இடம் இருந்தும் ஈசிஎம் சும்மா இருந்தால் வேறு ஏதோ அதைத் தடுக்கிறது, அப்போது மற்ற கோடுகளையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வால்வின் எண் ஏறினால் டீசல் கூடுகிறது என்று எல்லா வண்டிக்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பம்ப் தயாரிக்கும் கம்பெனிகளில் போஷ் மீட்டரிங் வால்வ், டெல்ஃபி வால்வ் இரண்டும் கரண்ட் இல்லாவிட்டால் திறந்து நிற்பவை. கரண்ட் கூடினால் மூடும். அதனால் ஐடிலில் கரண்ட் அதிகமாகவும் மேட்டில் குறைவாகவும் இருப்பதுதான் அங்கே சரி. டென்சோவில் கரண்ட் இல்லாவிட்டால் திறந்து நிற்பதும் உண்டு, மூடி நிற்பதும் உண்டு. ரயில் முனையில் இருக்கும் போஷ் கன்ட்ரோல் வால்வோ கரண்ட் இல்லாதபோது ஸ்பிரிங் பலத்தில் 100 பாரை ஒட்டித்தான் பிடிக்கும், அதற்கு மேல் போனால் கழித்துவிடும். எந்த வால்வ் எந்த வகை என்று தெரியாமல் எண்ணைப் படித்தால் முடிவு தலைகீழாகிவிடும். நல்ல பம்புகள் பல கழற்றப்படுவது இந்த இடத்தில்தான்.

சரி, வரத்தைச் சோதிப்பது எப்படி? முதலில் காசில்லாத சோதனை. வண்டி புல்லிங் போன உடனே நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கலாம். மூடியைத் தளர்வாக வைத்து அதே மேட்டைக் கொஞ்ச தூரம் ஏறிப் பாருங்கள். அதில் சரியானால் கோளாறு கிடைத்துவிட்டது.

அதில் ஒன்றும் இல்லை என்றால் ஃபில்டருக்கும் ஹை பிரஷர் பம்புக்கும் நடுவில் டி கனெக்டர் போட்டு லோ பிரஷர் கேஜ் மாட்ட வேண்டும். உங்கள் மாடலுக்கு எத்தனை பார் என்பதை ஒர்க்‌ஷாப் மானுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். டேங்கில் எலக்ட்ரிக் பம்ப் இருக்கும் வண்டிகளில் பொதுவாக 3 முதல் 5 பாருக்குள் வரும். ஐடிலில் காட்டும் எண்ணைப் பார்த்துவிட்டு “நல்லாத்தான் இருக்கு” என்று கழற்றிவிடாதீர்கள். கேஜை டியூபோடு பத்திரமாகக் கட்டி, கண்ணில் படும்படி வைத்து, ஓட்டிப் பாருங்கள். ஐடிலில் 4 காட்டி மேட்டில் 1-க்கு இறங்கினால் பம்ப் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம்.

அதன்பிறகு ஃபில்டருக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை அளந்தால் அடைப்பு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஃபில்டர் புதிது என்பதால் அதை விட்டுவிடாதீர்கள். மட்டமான ஃபில்டர் போட்டிருந்தால் புதிதிலேயே தடுக்கும். ஓ-ரிங் சரியாக உட்காராமலும் இருக்கலாம். டேங்குக்குள் பம்பின் அடியில் ஒரு வலை இருக்கிறது, பலர் அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நிறைய ஓடிய வண்டிகளில் அது பிசின் மாதிரி கறுத்த அழுக்கு பூசி இருக்கும். என்ஜினை நிறுத்தினால் அழுக்கு கொஞ்சம் இறங்கிவிடும், திரும்ப ஓடினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிறது என்று நீங்கள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. ஆனால் கோட் வந்து பவர் குறைக்கப்பட்ட வண்டி எதுவாக இருந்தாலும் இக்னிஷனை அணைத்துப் போட்டால் பல சமயம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

ஃபீட் பம்பையும் அதன் கரண்டையும் சேர்த்தே பாருங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரியிலும் பம்ப் கப்ளரிலும் (வயர் இணைப்பு) வோல்டேஜ் அளந்து ஒப்பிடுங்கள். பாசிட்டிவ் பக்கம் அரை வோல்ட்டுக்கு மேல் இழந்தால் ரிலேவிலோ கப்ளரிலோ கருகிய பின் இருக்கும். எர்த் பக்கமும் அதே கணக்கு. பம்ப் கெட்டது என்று மாற்றிய பிறகும் சரியாகாத வண்டிகளில் கறுத்துப்போன ரிலே பேஸ் காரணமாக இருப்பது சாதாரணமாக நடக்கும் விஷயம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: எலக்ட்ரிக் ஃபீட் பம்ப் இல்லாமல், ஹை பிரஷர் பம்பே டேங்கிலிருந்து உறிஞ்சும் வண்டிகளும் நிறைய உண்டு. அங்கே பிரஷர் கேஜ் உதவாது, வேக்யூம் கேஜ் வேண்டும். வேக்யூம் மிக அதிகமாகக் காட்டினால் முன்னால் அடைப்பு. வேக்யூமே இல்லாமல் பிரஷரும் விழுந்தால் ஏர் இழுக்கிறது. ஏருக்கு, பம்புக்கு முன்னால் உள்ளே ஓடுவது தெரியும் ஒரு துண்டு பிளாஸ்டிக் டியூப் போட்டுப் பார்ப்பதுதான் நேர்வழி. ஃபில்டர் மாற்றிய புதிதில் ஒன்றிரண்டு குமிழ் ஓடி நின்றுவிடும். விடாமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஹேண்ட் பிரைமர், குயிக் கனெக்டர், ரப்பர் ஹோஸ் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். இந்த வழியில் ஏர் உள்ளே போகும், டீசல் வெளியே வராது. வெளியே ஈரம் இல்லை என்பதால் லீக் இல்லை என்று ஆகாது.

வரத்து மேட்டிலும் நன்றாக நிற்கிறது என்றால்தான் கசிவுப் பக்கம் போக வேண்டும். இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை எளிது: ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் ஹோஸையும் கழற்றி, ஒரே அளவு டியூபில் ஒரே மாதிரி பாட்டில் மாட்டி, என்ஜின் சூடான பிறகு ஒரு நிமிஷம் ஐடிலில், அப்புறம் ஒரு நிமிஷம் 2,500 ஆர்பிஎம்மில் ஓட்டிப் பார்ப்பது. கழற்றிய பொது ரிட்டர்ன் லைனை அடைக்க மறக்காதீர்கள். பாட்டிலில் எத்தனை மில்லி என்பதைவிட நான்கும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்பது முக்கியம். மூன்று ஒரே மட்டத்தில் நின்று ஒன்று மட்டும் இரண்டு மடங்கு நிரம்பினால் அதுதான் ஆள். நான்குமே அதிகமாக நிரம்பினால் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியாது, அப்போது மானுவலின் அளவு வேண்டும். காந்தக் காயிலுக்குப் பதில் பீசோ படிகத்தால் திறக்கும் இன்ஜெக்டர்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. அவற்றில் பல, ரிட்டர்ன் லைனில் குறிப்பிட்ட பிரஷர் நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஹோஸைத் திறந்துவிட்டால் நல்ல இன்ஜெக்டரும் கெட்டதுபோல் நடந்துகொள்ளும்.

ரயிலில் சேஃப்டி வால்வோ கன்ட்ரோல் வால்வோ இருந்தால் அதன் ரிட்டர்னையும் தனியாகக் கழற்றிப் பாருங்கள். பிரஷர் ஏறாத நிலையிலும் அங்கே டீசல் வடிந்தால் அது சரியாக மூடவில்லை. சேஃப்டி வால்வ் எப்போதோ ஒருமுறை அதிகப் பிரஷரில் திறந்திருந்தால், அதன்பிறகு முழுதாக உட்காராமல் போவதுண்டு. இன்னொன்று, ஆயில் டிப் ஸ்டிக். சில என்ஜின்களில் ரிட்டர்ன் பைப் வால்வ் கவருக்கு உள்ளேயே போகிறது. அங்கே கசிந்தால் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது, ஆயில் லெவல் ஏறும், டீசல் வாடை வரும்.

சென்சாரை ஏற்கெனவே மாற்றிவிட்டீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இக்னிஷன் மட்டும் ஆன் செய்தால் சிக்னல் அரை வோல்ட்டை ஒட்டியும் ஸ்கேனரில் பிரஷர் பூஜ்யத்தை ஒட்டியும் இருக்க வேண்டும். நிற்கும் வண்டியில் 60, 70 பார் காட்டினால் சென்சார் அல்லது அதன் எர்த் பொய் சொல்கிறது. அது பெரிய பொய். ஈசிஎம் அந்த எண்ணை நம்பி உண்மைப் பிரஷரைக் குறைத்துவிடும். கேட்டதும் கிடைத்ததும் திரையில் அழகாக ஒட்டி ஓடும், வண்டி மட்டும் இழுக்காது, கோடும் வராது. உங்கள் வண்டியில் எண்களே விலகுவதால்தான் 0087 வருகிறது. எனவே சென்சார் ஆரம்பத்திலிருந்தே பலவீனமான சந்தேகம்.

மீட்டரிங் வால்வுக்கு, கப்ளரைக் கழற்றி காயிலின் ஓம் அளவு பாருங்கள். போஷ், டென்சோவில் 2, 3 ஓம் வாக்கில் இருக்கும். டெல்ஃபியில் 5-ஐ ஒட்டி இருக்கும். ஓம் சரியாக இருந்தால் காயில் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் பொருள்; உள்ளே பிஸ்டன் சிக்குகிறதா என்று மீட்டர் சொல்லாது. ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதும், ஆக்சிலரேட்டரை விட்டவுடன் ஆஃப் ஆவதும் சிக்கும் வால்வின் அடையாளங்கள். உங்கள் வண்டியில் இவை இல்லை. வால்வைக் கழற்ற வேண்டி வந்தால், சுற்றிலும் நன்றாகக் கழுவிக் காற்று அடித்த பிறகு கழற்றுங்கள். கழற்றியதும் அதன் வாயை வெயிலில் பிடித்துப் பாருங்கள். சில வால்வுகளில் அங்கே ஒரு மெல்லிய வலை இருக்கும். நூல், ரப்பர் துணுக்கு என்றால் வரத்து லைனிலிருந்து வந்த குப்பை. விரலில் தேய்த்தால் வெள்ளித் தூள் போல மினுங்கினால் பம்ப் உள்ளுக்குள் தின்கிறது.

இதையெல்லாம் தாண்டியும் பிரஷர் வரவில்லை என்றால்தான் பம்ப். அதையும் ஊகத்தில் சொல்ல வேண்டாம். ரயிலிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் வாய்களை அதற்கென்று வரும் கேப் போட்டு அடைத்துவிட்டு, செல்ஃப் மட்டும் அடித்து எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் சோதனை உண்டு. நல்ல பம்ப் சில நொடிகளில் 1,000 பாரைத் தாண்டும். உரிய கேப்பும், அந்தப் பிரஷரைத் தாங்கும் சாமானும், செய்து பழகிய ஆளும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். டீசல் பம்ப் சர்வீஸ் சென்டரில் கொடுத்து பெஞ்சில் ஏற்றி ரிப்போர்ட் வாங்குவது உங்களுக்கு நல்லது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். சில பம்புகளில் மூன்று பிஸ்டன். அதில் ஒன்று சோர்ந்தால் ஐடிலில் தெரியாமல் முழு லோடில் மட்டும் தெரியலாம். உங்கள் பம்பை நான் முழுதாக விடுதலை செய்யாததற்கு அதுதான் காரணம்.

காமன் ரயிலுக்கு முந்தைய பழைய டிஐ (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) என்ஜினில் மிஸ்ஸிங் எந்த சிலிண்டர் என்று பார்க்க, ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்த்தவர்கள் இன்னும் ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறார்கள். அந்த இன்ஜெக்டர்கள் 200 பார் வாக்கில் திறந்தவை. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156-இல் போஷ் காமன் ரயில் வந்தபோதே 1,350 பார், இன்றைய வண்டிகள் பலவற்றில் 2,000-த்தைத் தாண்டிவிட்டது. ஓடும் காமன் ரயில் என்ஜினில் எந்தக் காரணத்துக்காகவும் ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்தாதீர்கள், லீக் தேட விரலை நீட்டாதீர்கள், அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஊசி முனை அளவு பீச்சலும் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. உள்ளே சதை அழுக ஆரம்பித்து விரல், கை போகும் அளவுக்கு முற்றும். அப்படி நேர்ந்தால் மருந்து தடவிக்கொண்டு வேலையைத் தொடராமல், அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் “அதிகப் பிரஷரில் டீசல் உள்ளே ஏறிவிட்டது” என்று சொல்லுங்கள்.

கடைசியில் பம்ப்தான் என்று பெஞ்ச் ரிப்போர்ட் சொன்னால், வெள்ளித் தூள் இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து செலவு மாறும். தூள் இல்லையென்றால் பம்பை மட்டும் மாற்றலாம். தூள் இருந்தால் அது ரயிலுக்கும் இன்ஜெக்டருக்கும், ரிட்டர்ன் வழியாக டேங்குக்கும் போயிருக்கும். டேங்கைக் கழுவுவது, லைனைச் சுத்தம் செய்வது, ஃபில்டர் மாற்றுவது, இன்ஜெக்டர்களை டெஸ்ட் செய்வது, ரயிலையும் பைப்களையும் மாற்றுவது எல்லாம் செய்யாமல் புதுப் பம்பை மட்டும் மாட்டினால் அதுவும் சீக்கிரமே போய்விடும். இன்ஜெக்டர் மாற்றினால் அதன் மேல் அச்சிட்டிருக்கும் கோட் எண்ணை ஈசிஎம்மில் ஏற்ற வேண்டும். பம்போ மீட்டரிங் வால்வோ மாற்றினால் சில வண்டிகளில் பழைய லேர்னிங்கை அழித்துப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த வசதி உள்ள ஸ்கேனர் இருக்கிறதா என்று வேலை கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். அதற்கு முன் டி கனெக்டர் போட்டு மேட்டில் எடுத்த லோ பிரஷர் எண்ணையும், ஸ்கேனர் ரெக்கார்டின் அந்த நான்கு வரிகளையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.